பாதி வசனம்

டிரஸ்ஸர் கனகராஜ் பெண் கேட்டு வந்த நேரத்தில் தோமஸ் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தார். தங்கை டொரத்தி வைத்த சுறாப்புட்டு, முருங்கைக்காய்க் குழம்பு. சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்து ஆபீசை மூடிவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, வாரத்தில் ஒருநாள் ஆற அமரச் சாப்பிடுகிற வேளை அது. வாசலில் சைக்கிள் மணி கேட்டதும், "வாங்க டிரஸ்ஸர், ஒரு கை சாப்பிடலாம்" என்று உள்ளேயிருந்தே கூப்பிட்டார்.

கனகராஜ் சாப்பிடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் அவர் வேலை. பெண்சாதி இறந்து வெகுநாளாயிற்று, பிள்ளைகள் இல்லை. எந்த நேரத்தில் யார் போய்க் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்காமல் வருகிற மனுஷன் என்று கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லாரும் சொல்வார்கள்.

"தோமஸண்ணே, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. அடுத்த மாசம் என்னைப் பத்து பாகாட் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாத்துறாங்க. தனியாப் போக மனசில்லை. டொரத்தியை எனக்குக் கட்டிக் குடுங்க."

தோமஸின் கை சோற்றிலேயே நின்றது. அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சத்தமும் நின்றது.

"அவகிட்ட பேசினீங்களா?"

"உங்க மக காய்ச்சல்ல படுத்திருந்தப்ப, ஆஸ்பத்திரியில பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டாங்கள்ல, அப்பதான் கொஞ்சம் பேசினது. இதைப் பத்திக் கேக்கலை. முறைப்படி உங்ககிட்டதானே முதல்ல கேக்கணும்?"

தோமஸ் கையைக் கழுவிவிட்டு வந்தார். மறுக்க ஒரு காரணமும் இல்லை. கனகராஜ் குடிக்க மாட்டார், ஞாயிறு தவறாமல் ஜெபக்கூடத்துக்கு வருவார், திருநெல்வேலிப் பக்கத்துச் சபைக்காரர்தான். ஆனாலும் தோமஸின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கதவைச் சாத்திக்கொண்டது.

"அவ விதவை. இதுல நான் என் இஷ்டத்துக்கு ஒண்ணும் சொல்ல முடியாது. வேதம் என்ன சொல்லுதுன்னு பாத்துத்தான் சொல்லணும்."

"பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றார் கனகராஜ் நிம்மதியாக. தோமஸ் பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் நம்பினார். அவர் மட்டுமல்ல, தோட்டத்தில் இருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாமே நம்பின.

அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. உலு திராமுக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்தத் தோட்டத்தில் தோமஸ் கணக்கு எழுதும் கிராணியாக வேலை பார்த்தார். போதகர் ஜொகூர் பாருவிலிருந்து எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் வேதம் வாசித்து விளக்கம் சொல்வது தோமஸின் பொறுப்பு. ரப்பர் விலை விழுந்து கூலியை வெட்டின வருஷத்தில், லயத்தில் முணுமுணுப்பு எழுந்தபோது, தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை இவரைக் கூப்பிட்டு, வேலைக்காரர்கள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று உங்கள் வேதத்தில் இருக்கிறதாமே, அதை இந்த வாரம் பிரசங்கம் பண்ணு என்றார். தோமஸ் மறுக்காமல் பிரசங்கம் பண்ணினார். ஆனால் அந்த வசனத்தோடு நிறுத்தவில்லை. எஜமான்களே, நீங்களும் மிரட்டுவதை விடுங்கள், உங்களுக்கும் மேலே ஓர் எஜமான் இருக்கிறார் என்று பவுல் அடுத்தபடி எழுதியதையும் வாசித்தார். துரைக்குச் செய்தி போயிற்று. பல மாதம் அவர் தோமஸின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வேலை போய்விடும் என்றே எல்லாரும் நினைத்தார்கள். எப்படியோ போகவில்லை.

"வேதத்துக்கு முன்னாடி காதைத் திறந்துக்கிட்டு நிக்கணும்" என்று அவர் அடிக்கடி சொல்வார். "நாம பேச நினைச்சதை அதோட வாயில திணிச்சுப் பேச வைக்கக் கூடாது."

அப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் இப்போது சோதனை வீட்டுக்குள்ளேயே வந்தது.

டொரத்தி அவருக்கு ஒரே தங்கை. ஊரில் கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷன் காலராவில் போய்விட்டான். தோமஸின் மனைவி இறந்து, மகள் ஐலீன் தவழ்கிற குழந்தையாகத் தவித்தபோது, அண்ணன் கூப்பிட்டார் என்று கப்பலேறி வந்தவள். ஐலீனுக்கு இப்போது பதின்மூன்று வயது. இத்தனை காலமும் அந்த வீட்டில் விளக்கு ஏற்றியது, துணி வெளுத்தது, காய்ச்சல் கண்டால் நெற்றியில் பற்றுப் போட்டது எல்லாம் டொரத்திதான். அதை யாரும் ஒரு வேலையாக நினைத்துப் பார்த்ததில்லை. தோமஸும் நினைத்ததில்லை.

சாயங்காலம் அவர் வேதப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தேடத் தேட நிறைய இருந்தது. இயேசுவைக் குழந்தையாகக் கண்டு மகிழ்ந்த அன்னாள் என்கிற விதவை, வாலிபத்திலேயே புருஷனை இழந்தவள், வயது முதிர்ந்து தள்ளாடும்வரை ஆலயத்தை விட்டு நீங்காமல் ஜெபத்திலேயே இருந்தாள். கொரிந்து சபைக்கு எழுதும்போது பவுல், விதவை இருந்தபடியே இருந்துவிட்டால் அவள் அதிக பாக்கியவதி என்று தமக்குத் தோன்றுவதாகச் சொல்கிறார். தோமஸுக்கு மனசு குளிர்ந்தது. அதே இடத்தில் அதற்கு முந்தின வரியும் அவர் கண்ணில் பட்டது. பட்டதும் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி, காலில் தண்ணீர் படாமல்.

மறுநாள் ஞாயிறு. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டு இருந்ததால் ஆராதனை மத்தியானத்துக்கு மேல்தான். தகரக் கூரை போட்ட ஜெபக்கூடம் வெந்துகொண்டிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தோமஸ் அன்னாளைப் பற்றிப் பேசினார். உருக்கமாகவே பேசினார். விதவையாக இருப்பது ஒரு குறை இல்லை, அது தேவன் கொடுத்த தனி ஊழியம் என்றார். அப்படியே இருந்துவிடுகிறவள்தான் பாக்கியவதி, இதைச் சொல்வது நான் இல்லை, பவுல் என்றார். ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் இருந்த கனகராஜ் தலையைக் குனிந்துகொண்டார். டொரத்தி குனியவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று தோமஸுக்குப் பிடிபடவில்லை.

வெளியே வந்தபோது கனகராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வேதத்துல அப்படி இருந்தா நான் என்ன சொல்லப் போறேன் அண்ணே" என்றார். கோபமில்லை. அந்தக் கோபமின்மை தோமஸைக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் அன்றைக்கு அவருக்கு நல்ல தூக்கம் வந்தது.

புதன்கிழமை செல்லம் ஆபீசுக்கு வந்தாள்.

செல்லம் பால் வெட்டுகிறவள். காடு வெட்டும்போது மரம் சாய்ந்து அவள் முதல் புருஷன் செத்துப்போனான். அதற்குப் பிறகு அய்யாவு என்பவன் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அப்போது செல்லம் இதே தோமஸிடம்தான் வந்து கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை. "வேதத்துல தடை இல்லம்மா. அவன் கர்த்தருக்குள்ள இருக்கறவனா இருந்தாப் போதும்" என்றார். அய்யாவு அதற்குள்ளேயே ஜெபக்கூடத்துக்கு வரப் போக இருந்தவன், ஞானஸ்நானம் பெற்றான். கல்யாணத்தையும் தோமஸே முன்னின்று நடத்திவைத்தார். இப்போது கைக்குழந்தை ஒன்று இருந்தது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவள் ஆபீஸ் ஜன்னலோரம் நின்றாள்.

"என்னம்மா, குழந்தை பேர் பதியணுமா?"

"அதெல்லாம் ஆச்சுங்கய்யா." அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "ஞாயித்துக்கெழம நீங்க பேசினதுல இருந்து மனசு சரியில்லை. நான் அப்படியே இருந்திருக்கணுமா? மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டது தப்பா?"

தோமஸ் பேனாவைக் கீழே வைத்தார். "சேச்சே, யார் சொன்னா? அது வேற, இது வேற."

"எப்படிங்கய்யா வேற?"

"நீ சின்ன வயசு."

"டொரத்தி அக்கா எனக்கு ரெண்டு மூணு வயசுதானே மூப்பு."

அவள் குதர்க்கமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்திருந்தாள். கண்ணோரம் சிவந்திருந்தது, இரண்டு மூன்று நாளாக அழுதிருப்பாள் போல.

"அய்யாவு என்ன சொல்றான்?"

செல்லம் தயங்கினாள். "அவருக்குக் கோவம். அன்னைக்குச் சரின்னாங்க, இன்னைக்கு வேற மாதிரி சொல்றாங்க, உங்க வேதம் ஆளுக்கு ஆளு மாறுமான்னு கேக்கறாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அதான் உங்ககிட்ட கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"நான் சொல்றேம்மா. யோசிச்சுச் சொல்றேன்" என்றார் தோமஸ்.

செல்லம் போன பிறகு அவர் கூட்டிய கணக்கையே மறுபடி மறுபடி கூட்டினார். உங்க வேதம் ஆளுக்கு ஆளு மாறுமா. துரை கேட்டபோது மாற்றாத வேதத்தை யாருக்காக மாற்றினோம் என்று கேட்டுக்கொண்டார். கேட்டதுமே பதில் வந்துவிடும் போலிருந்தது. சட்டென்று எழுந்து, ஸ்டோரில் ரப்பர் பால் ஷீட்டு எத்தனை கட்டு வந்திருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டார். ஷீட்டு உலர்த்துகிற புகைக்கூடத்துப் புகையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பினார்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஐலீன் உள்ளறையில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். டொரத்தி கருவாட்டைத் தாழ்வாரத்திலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து அண்ணனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் அவள் உட்காரவே மாட்டாள்.

"அண்ணே, நீங்க ஞாயித்துக்கெழம சொன்ன இடத்தை எனக்கு ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க."

"எந்த இடம்?"

"பவுல் சொன்னது. அப்படியே இருந்துட்டா பாக்கியவதின்னு."

தோமஸ் மழையைப் பார்த்தார். "அதான் சொன்னேனே."

"நீங்க சொன்னீங்க. எழுதியிருக்கறதைக் கேக்கணும்." அவள் குரலில் சண்டை இல்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது. ஐலீனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கலாம். பக்கத்து அறையிலதான் இருக்கா. ஆனா உங்க வாயால கேக்கணும்னு தோணுச்சு. அங்க அப்படித்தான் எழுதியிருக்குன்னா, டிரஸ்ஸர்கிட்ட நானே வேண்டாம்னு சொல்லிடறேன். எனக்கு வருத்தம் இருக்கும், ஆனா முணுமுணுக்க மாட்டேன்."

வருத்தம் இருக்கும் என்று அவள் சொன்னது தோமஸுக்குச் சுருக்கென்றது. இந்த நாலு நாளில் ஒருமுறைகூட உனக்கு என்ன ஆசை என்று அவளை அவர் கேட்கவில்லை.

புத்தகத்தை எடுத்தார். பக்கம் தானாகத் திறந்துகொண்டது. சனிக்கிழமை அத்தனை நேரம் விரித்துவைத்திருந்த இடம். விரலை வைத்தார். எங்கே வைக்க வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. "ஆகிலும்" என்கிற சொல்லில் ஆரம்பித்தார். ஆகிலும், என் எண்ணத்தின்படி அவள் அப்படியே இருந்தால்...

வாசிப்பு நின்றது.

ஆகிலும் என்று எந்தப் பேச்சாவது ஆரம்பிக்குமா? அதற்கு முன்னால் ஒன்றைச் சொன்னவன்தானே ஆகிலும் என்பான். பதினைந்து வருஷமாக வேதம் வாசிக்கிறவருக்கு இது தெரியாமலா போயிற்று? எதிரே டொரத்தி கைகளை மடியில் கோத்துக்கொண்டு, காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வாசிப்பது அத்தனையும் அங்கே இருப்பது என்று நம்புகிற முகம். அவர் விட்டுவிட்டால் அவளுக்கு அது இல்லாமலே போய்விடும். சாகிறவரைக்கும் தெரியவராது.

தோமஸ் அந்தச் சொல்லிலிருந்து விரலை எடுத்தார்.

"என்னண்ணே?"

"இரு" என்றார். "நான் பாதியில ஆரம்பிச்சுட்டேன். முதல்ல இருந்து வாசிக்கறேன்."

மேலே போய், அதிகாரத்தின் தொடக்கத்திலிருந்தே வாசித்தார். மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, ஒரு சொல்லையும் விடாமல் வாசித்தார். புருஷன் உயிரோடிருக்கும் வரைக்கும்தான் மனைவி அவனுக்குக் கட்டுப்பட்டவள், அவன் இறந்துவிட்டால் அவள் தனக்கு விருப்பமானவனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், அவன் கர்த்தருக்குள் இருப்பவனாக மட்டும் இருக்க வேண்டும், அவளுக்கு விடுதலை உண்டு என்கிற இடம் வந்தது. பிறகு அந்த ஆகிலும் வந்தது. அதையும் வாசித்தார். இருந்தபடியே இருப்பதே அவளுக்கு அதிக பாக்கியம் என்று தமக்குப் படுவதாகப் பவுல் எழுதியதைக் கூட்டாமல் குறைக்காமல் வாசித்துப் புத்தகத்தை மூடினார்.

டொரத்தி மூடின புத்தகத்தைப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டும் இருக்கு."

"ரெண்டும் இருக்கு."

"பண்ணிக்கலாம்ங்கறது இருக்கு. பண்ணிக்காம இருந்தா இன்னும் நல்லதுன்னு அவர் நினைக்கறதும் இருக்கு."

"ஆமா. நான் ஞாயித்துக்கெழம ஒண்ணைத்தான் சொன்னேன். இன்னொண்ணை மறைச்சுட்டேன்."

"தெரியாமயா?"

பொய் சொல்ல இடமிருந்தது. கண்ணில் படவில்லை என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாள். "தெரிஞ்சுதான்" என்றார் தோமஸ். "அந்த மனுஷன் கேட்டதும் எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? நீ சந்தோஷமா இருப்பியான்னு தோணலை. நீ போயிட்டா இந்த வீடு என்ன ஆகும், எனக்கு யார் ஆக்கிப் போடுவான்னுதான் தோணுச்சு. அதை வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால அதுக்கு வேதச் சட்டை மாட்டி விட்டுட்டேன்."

டொரத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துத் தோமஸ் பதறினார். பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

"சுறாப்புட்டுக்காக அன்னாளைக் கூட்டிட்டு வந்தீங்களா அண்ணே?"

உள்ளறையிலிருந்து ஐலீனும் களுக்கென்று சிரித்த சத்தம் கேட்டது. தோமஸும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு எது நல்லதுன்னு நீங்க நினைக்கறீங்க?" என்று டொரத்தி கேட்டாள்.

இப்போது அவருக்குக் கனகராஜ் பக்கமாகப் பேச வேண்டும் போலிருந்தது. செய்ததற்கெல்லாம் பிராயச்சித்தமாக, போய்ப் பண்ணிக்கோ, அதுதான் தேவசித்தம் என்று சொல்லிவிடத் துடித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். அதுவும் தன் மனசு லேசாவதற்காகச் சொல்வதுதான்.

"அதைப் பவுலே உன்கிட்ட விட்டுட்டாரும்மா. நான் எடுத்துக்கக் கூடாது. ஜெபம் பண்ணி யோசி. எது சொன்னாலும் நான் கூட நிக்கறேன்."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள் டொரத்தி. "பழகின வீடு. புது ஊரு. யோசிக்கணும்." எழுந்து அடுப்படிக்குப் போகும்போது அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்ததை அவர் கவனித்தார்.

மறுநாள் வேலை முடிந்ததும் தோமஸ் லயத்துக்குப் போனார். அய்யாவு வாசலில் உட்கார்ந்து கோழிக்கூண்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். கிராணியைப் பார்த்ததும் எழுந்தான், ஆனால் வாங்க என்று சொல்லவில்லை. செல்லம் உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"உன்கிட்டயும் பேசணும், செல்லத்துகிட்டயும் பேசணும்" என்றார் தோமஸ். "அன்னைக்கு உங்க கல்யாணத்துக்கு நான் சொன்னது வேதத்துல உள்ளது. போன ஞாயித்துக்கெழம சொன்னதுல பாதிதான் வேதத்துல உள்ளது. மீதி என் சுயநலம். வேதம் மாறலை அய்யாவு. நான்தான் மாறிட்டேன்."

அய்யாவு கம்பியை முறுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தான். "இதை எங்க வீட்டுல வந்து சொன்னாப் போதுமா? அன்னைக்கு எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க. எம் பொஞ்சாதியை நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க."

"நீங்க சும்மா இருங்க" என்று செல்லம் அதட்டினாள்.

"அவன் கேக்கறது நியாயம்" என்றார் தோமஸ். "எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

சொன்னபடியே செய்தார். அடுத்த ஞாயிறு, பாட்டு முடிந்ததும், பிரசங்கம் எதுவும் பண்ணாமல் அந்த அதிகாரத்தை முழுக்க வாசித்தார். வாசித்துவிட்டு, போன வாரம் தான் எதைச் சொன்னார், எதை விட்டார், ஏன் விட்டார் என்று மூன்றையும் சொன்னார். வீட்டு விஷயத்தைச் சொல்லும்போது காது மடல் சூடேறியது. பெண்கள் பக்கத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு ஓடியது. பிறகு, "இந்தச் சபையில புருஷனை இழந்து மறுபடி கல்யாணம் பண்ணினவங்க ஒரு பாவமும் பண்ணலை. பண்ணாம இருக்கறவங்களும் மட்டமில்லை. ரெண்டு பேருக்கும் வேதத்துல இடம் இருக்கு" என்றார். செல்லம் குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். அய்யாவு நிமிர்ந்து உட்கார்ந்து, தன்னைச் சுற்றி இருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் ரபேல் தோமஸின் தோளைத் தொட்டார். வயசானவர், முறைகளில் கண்டிப்பானவர். "வேதம் வாசிக்கற இடத்துல நின்னு நான் தப்புப் பண்ணினேன்னு சொன்னா, நாளைக்கு உம்ம பேச்சை யாரு கேப்பா?"

"தெரியலைங்க. ஆனா அடுத்த வாரம் அவங்க கவனமாக் கேப்பாங்க. நான் எதையாவது விடறேனான்னு பாக்கறதுக்காவது."

ரபேல் ஹூம் என்றார். சம்மதமா, சலிப்பா என்று தெரியவில்லை.

கனகராஜ் மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். முகம் மலர்ந்திருந்தது. "அண்ணே, இன்னொரு இடம் இருக்கே. இளம் விதவைங்க கல்யாணம் பண்ணிக்கிட்டுப் பிள்ளை பெத்து வீட்டை நடத்தணும்னு பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்காரே. டொரத்திகிட்ட அதையும் ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

தோமஸுக்குச் சிரிப்பு வந்தது. "சொல்லலாம். ஆனா அதுக்கு முந்தின வசனத்தையும் சேத்துத்தான் சொல்லணும். வேலைவெட்டி இல்லாம வீடு வீடாப் போய் வம்பு பேசித் திரியற விதவைங்களைப் பத்தி அவர் அங்க பேசறாரு. அதை வாசிச்சா டொரத்தி அகப்பையை எடுத்துக்கிட்டு வருவா. நீங்கதான் வாங்கிக்கணும்."

கனகராஜ் வாய் விட்டுச் சிரித்தார். "வேண்டாம்ணே. விடுங்க. அவங்க யோசிச்சே சொல்லட்டும்."

டொரத்தி யோசித்தாள். அவள் யோசித்த நாட்களில் வீட்டில் எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. ஆனால் தோமஸ் மட்டும் தட்டைத் தானே கழுவ ஆரம்பித்தார்; விறகு எங்கே இருக்கிறது, உப்பு எந்த ஜாடியில் இருக்கிறது என்று விசாரித்தார். ஒரு காலை, அவர் ஆபீசுக்குப் புறப்படுகிற நேரத்தில், அவள் வாசல்வரை வந்து நின்றாள்.

"டிரஸ்ஸர்கிட்ட சரின்னு சொல்லிடுங்க. ஆனா ஒரு விஷயம்."

"சொல்லு."

"ஐலீனை ஜொகூர் பாருவுல பள்ளிக்கூடத்துல சேருங்க. அங்கயே தங்கிப் படிக்கட்டும். இல்லைன்னா நான் போன மறுநாளே அடுப்படி அவ தலையில விழும். நீங்க சொல்ல மாட்டீங்க. ஆனா அதுபாட்டுக்கு விழும்."

தோமஸ் திகைத்து நின்றார். அது நடந்திருக்கும் என்று அவருக்கே தெரிந்தது; நடந்தது தெரியாமலே நடந்திருக்கும். "சேக்கறேன்" என்றார். "அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் தொறக்கறப்ப சேக்கறேன்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்குக் கை இருக்கு. நீ போறதுக்குள்ள சோறு வடிக்கக் கத்துக் குடு."

கற்றுக்கொடுத்தாள். முதல் நாள் குழைந்தது, இரண்டாம் நாள் தீய்ந்தது. ஐலீன் இரண்டையும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

கல்யாணம் ஜொகூர் பாருவில் ஒரு காலை நேரத்தில் எளிமையாக நடந்தது. போதகர் மணமக்களை ஆசீர்வதித்தார். செல்லமும் அய்யாவும் குழந்தையோடு லாரியேறி வந்திருந்தார்கள். கண்டக்டர் ரபேல்கூட வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். டொரத்தி இளநீலச் சேலை கட்டியிருந்தாள். அவளை அப்படி ஒரு நிறத்தில் தோமஸ் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. வீட்டில் எப்போதும் வெள்ளையில் நடமாடிய தங்கை இத்தனை இளம் பெண்ணாக இருந்தாள் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்த மாதிரி இருந்தது.

சாப்பாடு முடிந்து பத்து பாகாட் பஸ் புறப்படுகிற இடத்தில் எல்லாரும் நின்றார்கள். கனகராஜ் டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிக் கட்டினார். டொரத்தி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிறிஸ்மசுக்கு வந்துடுங்க. ஐலீனைக் கூட்டிக்கிட்டு."

"வர்றோம்மா."

"தனியா இருக்கறமேன்னு நினைக்காதீங்க."

"நினைப்பேன்" என்றார் தோமஸ். "நினைச்சாலும் பரவாயில்லை. நீ போ."

பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஜன்னலில் இளநீலம் கொஞ்ச தூரம் தெரிந்தது. ஐலீன் மூக்கை உறிஞ்சினாள். உலு திராம் பக்கம் போகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. அப்பாவும் மகளும் கடலோரமாக நடந்தார்கள். அந்தப் பக்கம் சிங்கப்பூர் மங்கலாகத் தெரிந்தது; கடற்பாலத்தில் ரயில் ஒன்று ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. சீனன் ஒருவனிடம் இரண்டு கிளாஸ் கரும்புச் சாறு வாங்கினார் தோமஸ். நின்றபடியே குடித்தார்கள். துக்கம் இருக்கும் என்று நினைத்துத் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்சம் இருந்தது. அதைவிடப் பெரியதாக ஒரு நிம்மதி இருந்தது.

ஐலீன் கிளாஸைக் காலி செய்துவிட்டு அவரைப் பக்கவாட்டில் பார்த்தாள்.

"அப்பா, பெண்சாதி செத்துப் போன ஆம்பளைங்க மறுபடி கல்யாணம் பண்ணிக்கறதைப் பத்தி வேதத்துல என்ன எழுதியிருக்கு?"

தோமஸுக்குப் புரையேறிவிட்டது. இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளை முறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அந்த இடத்தை நான் வாசிக்கக் கூடாதும்மா" என்றார். "ரபேல் கண்டக்டரை விட்டு வாசிக்கச் சொல்லணும்."

ஐலீன் சத்தமாகச் சிரித்தாள். கரும்புக்காரனும், எதற்கென்று தெரியாமலே, கூடச் சிரித்தான். கிளாஸ்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இருவரும் பஸ் நிற்கிற பக்கம் நடக்கத் தொடங்கினார்கள்.